வலசை திரும்பும் பருவம்: பறவை பார்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளிர்காலத்தைத் தமிழ்நாட்டில் கழித்த பறவைகள் பிப்ரவரியில் தொடங்கி மே நடுப்பகுதி வரை வடக்கே திரும்புகின்றன. இந்த மூன்றரை மாதங்களில் எதைப் பார்ப்பது, எப்படி எண்ணுவது, எப்படிப் பதிவது என்று புதியவர்களும் அனுபவமுள்ளவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே.

வலசைப் பறவைகள் வருவது செப்டம்பர், அக்டோபரில்தானே? பொங்கல் போன பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு காரணங்களுக்காகவே போகலாம். முதலாவது நிறம். அக்டோபரில் வந்து இறங்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் (சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் மேயும் கரைப்பறவைகள் இவை) பெரும்பாலும் மங்கிய சாம்பலும் பழுப்புமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் அவை இனப்பெருக்கச் சிறகுகளுக்கு மாறுகின்றன. வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறமாகிறது. பொன்னிற உப்புக்கொத்தியின் முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு பரவுகிறது. கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் சிவக்கின்றன. பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதே அப்போதுதான் தெரியும். குளிர்காலம் முழுக்க அதன் தலை வெள்ளையாக, காதருகே ஒரு கறுப்புப் பொட்டுடன் மட்டுமே இருக்கும்.

இரண்டாவது காரணம் தகவல் பற்றாக்குறை. முதல் வாலாட்டி வந்த நாளை எல்லோரும் குறித்துவைக்கிறார்கள். கடைசி வாலாட்டி கிளம்பிய நாளைக் குறிப்பவர்கள் குறைவு. இன்று பார்த்ததுதான் கடைசி என்று இன்றே யாருக்கும் தெரியாது; பத்து நாள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்கு இடைப்பட்ட நாட்களின் பட்டியல்கள் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதை ஒட்டியவை.

எந்தப் பறவை எப்போது கிளம்பும்?

ஆண்டுக்கு ஆண்டு, இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் ஏறக்குறைய ஒரு வரிசை உண்டு. வாத்துகள் முன்னே போகின்றன. வரித்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் மார்ச்சுக்குள் பெரும்பாலும் காலி. நீலச்சிறகி கொஞ்சம் தாமதிக்கும். வாலாட்டிகள், பூனைப்பருந்துகள், நீலவால் பஞ்சுருட்டான் ஆகியவை மார்ச் முதல் ஏப்ரலுக்குள் குறைந்துவிடும். சூறைக்குருவிக் கூட்டங்கள் ஏப்ரலில் கலைகின்றன. அதற்குள் ஆண்களின் ரோஜா நிறம் நன்றாகத் துலங்கியிருக்கும். கதிர்க்குருவிகள், பழுப்புக் கீச்சான், மாங்குயில், ஆறுமணிக்குருவி ஆகியவை ஏப்ரல் கடைசி வரை இருக்கக்கூடும். கரைப்பறவைகளில் பெரும்பகுதி ஏப்ரல் முடிவுக்குள் போய்விட, சில மே நடுப்பகுதி வரை தங்கும்.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னும் துல்லியமாக வேண்டுமானால் பறவை பார்ப்போர் தங்கள் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் அந்த மாவட்டத்தின் பட்டை வரைபடத்தைத் திறங்கள். ஒரு பறவை எவ்வளவு அடிக்கடி பதிவாகிறதோ அவ்வளவு தடிமனாகப் பட்டை இருக்கும். ஒவ்வொரு மாதமும் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பட்டை எந்தக் கட்டத்தில் மெலிகிறது என்பதைப் பாருங்கள். ஏப்ரல், மே கட்டங்களில் பட்டியல்களே குறைவாக இருந்தால் பட்டையை அப்படியே நம்ப முடியாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் உங்கள் பட்டியல் தேவை.

வேடந்தாங்கலில் மரம் மரமாக உட்கார்ந்திருப்பவை வெளிநாட்டுப் பறவைகள்தானே?

இல்லை. செய்திகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் இந்த நாட்டுப் பறவைகள். தண்ணீரையும் மீனையும் தேடி உள்நாட்டுக்குள் இடம் மாறி, ஏரி நிறைந்ததும் கூடு கட்டுகின்றன. கூந்தன்குளத்திலும் இதே கதைதான்.

அதே ஏரியில் தண்ணீரில் மிதக்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும், கரையோரச் சேற்றில் ஓடும் உள்ளான்களும் உண்மையான நெடுந்தூர வலசையர். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. இனப்பெருக்கம் எல்லாம் வடக்கே. மரத்தில் கூடும் குஞ்சுமாக இருந்தால் அது வலசை வந்த வாத்தோ உள்ளானோ அல்ல என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பார்க்க எங்கே போக வேண்டும்?

கரைப்பறவைகளுக்குப் பழவேற்காடு, கோடியக்கரை, குமரி மாவட்டத்தின் மணக்குடி, மரக்காணம், தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்கள். கோடியக்கரை சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். உப்பளங்கள் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானவை அல்லது குத்தகைக்கு விடப்பட்டவை, கேட்டுக்கொண்டே நுழையுங்கள்.

இந்தப் பருவத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள கண்மாய்தான் சிறந்த இடம். வெயில் ஏற ஏற ஏரிகள் வற்றுகின்றன. முழங்கால் ஆழத் தண்ணீரில் கொசு உள்ளானுக்கு வேலையில்லை. விரல்கடை ஆழமும் ஈரச் சேறும் தெரியத் தொடங்கியதும் சுற்றுவட்டாரத்துக் கரைப்பறவைகள் அங்கே குவியும். இந்தக் கட்டம் சில ஏரிகளில் இரண்டு, மூன்று வாரம்தான். தொலைவில் உள்ள பெயர்பெற்ற இடத்துக்கு மாதம் ஒருமுறை போகிறவருக்கு இது தப்பிப்போகும்; வாரம் இருமுறை கண்மாய்க்குப் போகிறவருக்குக் கிடைக்கும்.

எந்த நேரத்தில் போவது?

விடிந்து அரை மணிக்குள் இடத்தில் இருங்கள். ஏப்ரலில் ஒன்பது மணிக்கு மேல் சேற்றின் மீது கானல் எழுந்து, தொலைநோக்கியில் பறவையின் ஓரங்கள் நெளியத் தொடங்கிவிடும். கால் நிறமும் அலகின் வளைவும் தெரியாது. விலை உயர்ந்த கருவியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. காலையில் நீர்நிலையின் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

கடற்கரைக் கழிமுகமாக இருந்தால் ஓத அட்டவணையைப் பாருங்கள். நம் கரையில் ஏற்ற வற்றம் பெரிதில்லை; ஆனாலும் சேற்றுத் திட்டு மூழ்கும் நேரத்தில் பறவைகள் நெருங்கிச் சேர்ந்து நிற்கும். எண்ணுவதற்கு அது வசதி. தண்ணீர் வடிந்த பிறகு அவை பரந்து மேயும். இனம் காண்பதற்கு அது நல்லது.

பல கரைப்பறவைக் கூட்டங்கள் அந்தி வேளையில் புறப்படுகின்றன. ஓயாமல் கத்தியபடி கூட்டம் எழும்பி, வட்டமடித்து, மேலே மேலே ஏறி, திரும்பி இறங்காமல் வடக்கு நோக்கிப் போனால் நேரத்தையும் திசையையும் எண்ணிக்கையையும் குறியுங்கள். கதிர்க்குருவி போன்ற சிறு பறவைகள் இரவில் பறப்பதால் அவை போவதை நாம் பார்ப்பதில்லை. காலையில் மரம் அமைதியாக இருப்பதுதான் அடையாளம்.

என்ன கருவி வேண்டும்?

8x42 இருகண்ணோக்கி போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியற்காலை மங்கலில் இது பெரிய உதவி. 10x எடுத்தால் பறவை பெரிதாகத் தெரியும், கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

மங்கலாகத் தெரிகிறது என்று புகார் சொல்பவர்களில் பலர் கண் திருத்தத்தைச் சரிசெய்யாதவர்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைச் சுழற்றி இடக்கண்ணுக்கு ஒரு பெயர்ப்பலகையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லை வளையத்தை மட்டும் சுழற்றித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பையில் உரசி நகர்ந்துவிடும். சில கருவிகளில் இந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும்.

உப்பளத்துக்கு மட்டும் 20 முதல் 60 மடங்கு பெருக்கும் ஒற்றைத் தொலைநோக்கியும் முக்காலியும் இருந்தால் நல்லது. குழுவுக்கு ஒன்று போதும்.

சின்ன உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றனவே?

நிறத்திலிருந்து தொடங்காதீர்கள், இந்தப் பருவத்தில் ஒரே கூட்டத்தில் பாதி மாறியவை, முழுதாக மாறியவை, மாறாதவை மூன்றும் இருக்கும். அளவு, அலகு, கால், நடத்தை என்ற வரிசையில் போங்கள்.

கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், பரபரப்பான ஓட்டம். டெம்மின்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த வெளிர் கால். தாழ்ந்து குனிந்து மெதுவாக மேயும். பறக்கும்போது வாலின் ஓரம் வெள்ளை. வளைமூக்கு உள்ளானுக்கு நீண்ட, கீழ்நோக்கி வளைந்த அலகு. பறக்கையில் வாலடி வெள்ளை. பொரி உள்ளானுக்கு முதுகில் பொரி தூவிய புள்ளிகளும் தெளிவான வெண்புருவமும். பவளக்காலிக்குப் பெயரே அடையாளம். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை உறுதி செய்யும்.

மணல் உப்புக்கொத்திகளைப் பற்றி ஒரு குறிப்பு. முன்பு ஒரே இனமாக இருந்த சிறிய மணல் உப்புக்கொத்தியை இ-பேர்ட் 2023இல் திபெத்திய வகை, சைபீரிய வகை என இரண்டு இனங்களாகப் பிரித்தது. இங்கே வருபவை பெரும்பாலும் திபெத்திய வகை. அதற்காகப் பார்க்காத அடையாளத்தை எழுத வேண்டாம். இரண்டில் ஒன்று என்று பதியும் வரியும் பட்டியலில் இருக்கிறது.

சேறு அப்பிய கால்தான் பெரிய ஏமாற்று. மஞ்சள் கால் கறுப்பாகத் தெரியும். பறவை தண்ணீருக்குள் நடந்து வெளியே வரும்வரை காத்திருங்கள்.

தோப்பிலும் தோட்டத்திலும் எதைக் கவனிப்பது?

காதால் பாருங்கள். நாணல் கதிர்க்குருவி வேலிப்புதருக்குள்ளிருந்து ‘சக்… சக்’ என்று கொட்டும். பச்சைக் கதிர்க்குருவி மர உச்சியில் கூர்மையான இரட்டை ஒலியில் கூப்பிடும். இரண்டும் கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் இங்கேயே முழுப்பாட்டைப் பாடத் தொடங்குவதுண்டு. குளிர்காலம் முழுக்க ஒற்றைச் சொல் பேசிய புதர் ஏப்ரலில் திடீரென்று பாடினால் அதைப் பட்டியலின் குறிப்பில் எழுதுங்கள்.

குழப்பங்களும் உண்டு. ஊரில் எப்போதும் இருக்கும் கரிச்சான் பளபளக்கும் கறுப்பு, அலகடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. வலசை வரும் சாம்பல் கரிச்சான் ஈயச் சாம்பல், கண் சிவப்பு. வெண்புருவ வாலாட்டி ஆண்டு முழுக்க இங்கே இருப்பது; மே மாதத்தில் அதைப் பார்த்து ‘வாலாட்டி இன்னும் போகவில்லை’ என்று பதிந்துவிடக் கூடாது. சுடலைக் குயிலும் அப்படித்தான். வட இந்தியாவுக்குப் பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது என்பது உண்மை. தமிழ்நாட்டில் ஆண்டு முழுக்க இருக்கும் சுடலைக் குயில்களும் உண்டு.

குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி ஒரு பெயர் காட்டுகிறது. அப்படியே பதியலாமா?

கூடாது. அது ‘இந்தப் பக்கம் பார்’ என்று காட்டும் விரல், அவ்வளவுதான். அணிலின் கத்தலையும் மைனாவின் மிமிக்ரியையும் வேறு பறவையாகக் காட்டிவிடும். பெயர் வந்ததும் பறவையைத் தேடுங்கள். கண்ணில் படாவிட்டால் அந்தக் குரலை நீங்களே அடையாளம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒலிப்பதிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தெரிந்தவரிடம் கேட்டுச் சேர்க்கலாம்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் எப்படி எண்ணுவது?

முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதியுங்கள். அதே அளவால் நூறு வரை அளந்து, பிறகு நூறு நூறாகக் கூட்டம் முழுவதையும் நகர்த்துங்கள். இரு முறை எண்ணுங்கள். பழகாத கண் பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

கலந்த கூட்டமாக இருந்தால் மொத்தத்தைத் தனியாகவும் விகிதத்தைத் தனியாகவும் எடுங்கள். கூட்டத்தின் இரு ஓரம், நடு என மூன்று இடங்களில் நூறு நூறு பறவைகளை இனம் பிரியுங்கள். அந்த முந்நூறில் கொசு உள்ளான் 180 என்றால் 60 சதவீதம். மொத்தம் 2,000 என்றால் 1,200. ஓரத்தில் மட்டும் பார்த்தால் தவறும், ஏனென்றால் பெரியவை ஆழத்திலும் சிறியவை விளிம்பிலும் நிற்கும். எண்ணவே முடியாத நிலையில் மட்டும், எண்ணுக்குப் பதிலாக, ‘இருந்தது’ என்று மட்டும் காட்டும் எக்ஸ் (X) குறியைப் போடுங்கள். சுமாரான எண்ணுக்குக் கூட எக்ஸை விட மதிப்பு அதிகம்.

இ-பேர்டில் சரியான பட்டியல் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு இடம், ஒரு நேரம், ஒரு பட்டியல். பார்க்கத் தொடங்கும்போதே செயலியில் தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து போட்டால் நேரமும் இடக்குறியும் வீட்டுடையதாகிவிடும். நின்ற இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தால் நிலை வகை, நடந்தால் பயண வகை. போன வழியிலேயே திரும்பினால் ஒரு வழித் தூரத்தை மட்டும் குறியுங்கள். பேருந்து சன்னலிலிருந்து தற்செயலாகக் கண்டதைத் தற்செயல் வகையில் போடுங்கள்.

பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாமலும், இரண்டு கிலோமீட்டருக்குள்ளும் வைத்துக்கொண்டால் பட்டியல் நன்கு பயன்படும். காலை முழுக்க மூன்று ஏரி சுற்றி ஒரே பட்டியலாகப் போட்டால் எந்தப் பறவை எந்த ஏரியில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

முக்கியமான கேள்வி கடைசியில் வரும்: அடையாளம் காண முடிந்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா? காக்கை, மைனா, மாடப்புறா உட்பட எல்லாம் எழுதியிருந்தால் மட்டும் ஆம். ‘வலசை வந்தவற்றை மட்டும் போட்டேன்’ என்றால் இல்லை. ஆம் என்ற பட்டியலில்தான் ஒரு பறவையின் பெயர் இல்லாததும் தகவலாகிறது. ஏப்ரல் 10 வரை நாணல் கதிர்க்குருவி, 14, 17, 21 தேதிகளில் அது இல்லாத முழுப் பட்டியல்கள் என்று இருந்தால், கிளம்பிய நாள் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது. குழுவாகப் போனால் ஒருவர் மட்டும் பட்டியலிட்டு மற்றவர்களுக்குப் பகிருங்கள். ஐந்து பேர் தனித்தனியே போட்டால் ஒரே பறவை ஐந்து முறை பதிவாகும்.

தாமதமாகத் தங்கிய பறவையைப் பதிந்தேன். சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்கிறார். என் மேல் நம்பிக்கை இல்லையா?

ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் எதிர்பார்க்கக்கூடிய இனமும் எண்ணிக்கையும் வடிகட்டியாக வைக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தாண்டும் எந்தப் பதிவும், யாருடையதானாலும், சரிபார்ப்புக்காக நிறுத்திவைக்கப்படும். கேட்பவர் ஒரு தன்னார்வலர். ‘நிச்சயமாகப் பார்த்தேன்’ என்பது ஆதாரமாகாது. இப்படி எழுதுங்கள்: ‘மே 9, காலை 6.40, தென்கரை வேலிக் கருவேலம். 15 மீட்டர் தொலைவில் மூன்று நிமிடம். பழுப்பு முதுகு, கறுப்புக் கண்பட்டை, வெண்புருவம், இறக்கையில் வெள்ளைத் திட்டு இல்லை. கரகரப்பான குரல். ஆகவே பழுப்புக் கீச்சான்.’ மங்கலான படம் ஒன்று இருந்தாலும் இணையுங்கள். ஏற்கப்படாவிட்டாலும் பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும்.

காலில் வளையமோ கொடியோ தெரிந்தால்?

எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறங்கள், என்ன எழுத்து என்று குறியுங்கள். இடம் வலம் என்பது பறவையின் இடம் வலம், பார்ப்பவருடையதல்ல. தகவலை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருவது அவர்களே. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டது இப்படிப்பட்ட பதிவுகளால்தான் தெரியவந்தது. எண்ணைப் படிப்பதற்காகப் பறவையை விரட்டாதீர்கள்.

ஜூன் மாதத்திலும் உப்பளத்தில் உள்ளான்கள் நிற்கின்றன. காயமா?

பெரும்பாலும் இல்லை. முதிராத இளம் பறவைகள் பல, முதல் கோடையை இங்கேயே கழிக்கின்றன. இனப்பெருக்க நிறம் ஏறாமல் மங்கலாகவே இருக்கும். எண்ணிப் பதியுங்கள், கோடைப் பட்டியல்கள் மிகக் குறைவு.

பறவைகளுக்கு எவ்வளவு அருகில் போகலாம்?

தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நில்லுங்கள். மேய்ச்சலை நிறுத்தினால் பின்வாங்குங்கள். கிளம்பும் முன் இவை இரவு பகலாகத் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. நெடுந்தூரம் பறக்கும் சில கரைப்பறவைகளின் புறப்பாட்டு எடையில் பாதி வரை கொழுப்பாகவே இருக்கும். பறக்கும் படத்துக்காக ஒருமுறை கூட்டத்தை எழுப்பினால் அந்தச் சேமிப்பில்தான் கைவைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வலசையர் கிளம்பும் இதே மாதங்களில் ஆட்காட்டி, மஞ்சள்மூக்கு ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா ஆகியவை தரையில் முட்டையிடுகின்றன. வறண்ட ஏரிப் படுகையில் முட்டையும் கூழாங்கல்லும் ஒரே நிறம். தலைக்கு மேல் பறவை கத்திக்கொண்டே சுற்றினால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். கரையிலிருந்து பார்ப்பதே நல்லது.

எதைப் பகிரக் கூடாது?

கூடுகளின் இடம், ஆந்தைகள் பகலில் தங்கும் மரம், வேட்டை நடக்கும் ஏரியில் வாத்துகள் குவிந்த செய்தி. வாட்ஸ்அப் குழுவில் போட்ட துல்லியமான இடக்குறி எங்கெங்கோ போய்ச் சேரும். கூடு தெரியும் படங்களைக் குஞ்சுகள் பறந்த பிறகு வெளியிடலாம். மிக அரிதான சில இனங்களின் இடத்தை இ-பேர்ட் தானே மறைக்கும். மற்றவற்றுக்குப் பொறுப்பு நமது.

ஆறுமணிக்குருவி சன்னலில் மோதி விழுந்து கிடக்கிறது. என்ன செய்வது?

இரவில் பறக்கும் இந்தப் பறவைக்கு இது அடிக்கடி நேர்கிறது. துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து வையுங்கள். இருட்டும் அமைதியும்தான் முதலுதவி. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். அது புழுபூச்சி தின்பது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் துள்ளத் தொடங்கினால், பகலாக இருக்கும்போதே, மரநிழலில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ எழவே இல்லை என்றாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் தெரிவியுங்கள்.

பழைய நோட்டில் தேதியும் பறவைப் பெயரும் மட்டும் இருக்கின்றன. இப்போது ஏற்றலாமா?

தாராளமாக. நேரமும் தூரமும் தெரியாவிட்டால் பழம்பதிவு வகையைத் தேர்ந்தெடுத்து, முழுப் பட்டியலா என்ற கேள்விக்கு இல்லை என்று கொடுங்கள். எண்ணிக்கை எழுதியிருக்காவிட்டால் எக்ஸ். பெயரில் சந்தேகம் இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டு மற்றவற்றை ஏற்றுங்கள். பல ஆண்டு நோட்டுகள் இருந்தால் மார்ச் முதல் மே வரையிலான பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.